பதினேழாம் கேள்வி

சங்கரன்கோவில்,
வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

அன்பும் மரியாதையும் நிறைந்த சாம்சுந்தர் அத்தான் அவர்களுக்கு,

ஜஸ்டஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே யாவரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மத்தியானத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, என் வீட்டுக்காரி விஜிதா என்னோடு பேசவில்லை, மகள் ஜெபிஷா சைக்கிளை எடுத்துக்கொண்டு சொல்லாமல் எங்கேயோ போயிருக்கிறாள். ராயகிரியில் தாங்களும் அக்காவும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம். போனில் பேசினால் விஜிதா காதில் விழும் என்பதால்தான் தபாலில் எழுதுகிறேன்.

இன்றைக்குப் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பரீட்சையை மூன்றாவது தடவையாக எழுதினேன். ஐம்பத்து மூன்று வயதில் எதற்கு என்று தாங்கள் கேட்க மாட்டீர்கள். எட்டாம் வகுப்புச் சான்றிதழோடு அலுவலக உதவியாளராகச் சேர்ந்து இருபத்தாறு வருஷமாகிறது. பத்து பாஸ் செய்தால் பதிவறை எழுத்தர். அந்தப் பதவி உயர்வுப் பட்டியலை ஆகஸ்டில் முடித்துவிடுவார்கள். எனக்கு ஒன்பது வருஷம் பிந்திச் சேர்ந்த மாரிக்கண்ணன் அந்த நாற்காலியில் உட்காருவான், நான் அவனுக்கு டீ வாங்கிவர வேண்டும். இப்போதே, "ஜஸ்டஸ் அண்ணாச்சி, எனக்குச் சீனி கம்மி, ஞாபகம் வச்சுக்கிடுங்க" என்கிறான்.

மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டேன். வரலாறுதான் கவிழ்க்கிறது. முதல் தடவை இரண்டு மார்க்கில் களக்காடு போர் கேட்டிருந்தான். நெற்கட்டும்செவல் நமக்குப் பக்கம், புலித்தேவர் நம்ம ஊர்க்காரர், விடுவேனா? பாளையம் என்றால் என்ன என்று தொடங்கி, என் கல்யாணத்துக்குக் களக்காட்டில் வாழைத்தார் வாங்கியது வரைக்கும் நாலு பக்கம் போய்விட்டது. அதற்குள் நேரமெல்லாம் ஓடி, இருபத்தொன்பது மார்க் வாங்கினேன். இரண்டாம் தடவை கவனமாக மூன்று பக்கத்தில் நிறுத்தினேன். முப்பத்திரண்டு.

அப்போதுதான் தாங்கள் சொன்னீர்கள், "மாப்ளே, ரெண்டு மார்க்குக்கு ரெண்டு விஷயம். கேட்டதுக்குப் பதிலச் சொல்லு, பேனாவத் தூக்கிரு" என்று. பிளஸ் டூ படிக்கிற ஜெபிஷா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கடிகாரத்தை எதிரே வைத்து, ஒரு பதிலுக்கு மூன்று நிமிஷம். மூன்றாவது வாக்கியம் தொடங்கினால் பேனாவைப் பிடுங்கிவிடுவாள். "காரணம் கேட்டா காரணத்த மட்டும் எழுதணும்ப்பா. யாரு, எப்ப, ஏன். 'அந்தக் காலத்தில்'னு ஆரம்பிச்சா முட்டைதான்" என்பாள்.

ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பழகியது பேச்சிலும் புகுந்துகொண்டது. பக்கத்துத் தெரு சங்கரசுப்பு அண்ணாச்சி தவறியபோது என்னை இரங்கல் பேசச் சொன்னார்கள். நான் எழுந்தால் முக்கால் மணி நேரம் என்று தெரிந்து எல்லாரும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். "சங்கரசுப்பு அண்ணாச்சி 1951இல் பிறந்தார். சர்க்கரை நோயும் கவனக்குறைவும் இவரது மறைவுக்குக் காரணங்களாகும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அவர் மகன் என்னைக் கண்டால் இப்போது ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுகிறார். விஜிதா மீன்குழம்பு எப்படி என்று கேட்டாள். "சுவையானது. உப்பு மிகுதி" என்றேன். அதிலிருந்து குழம்பே வைக்கவில்லை.

இன்று காலை பரீட்சை அறையில் என் முழங்கால் பெஞ்சுக்குள் நுழையவில்லை. சுற்றிலும் என் மகள் வயசுப் பிள்ளைகள். உள்ளங்கை வேர்த்துத் தாள் ஒட்டியது. பதினாலு இரண்டு மார்க் கேள்விகளில் பத்து எழுதினால் போதும். வேலூர்ப் புரட்சியை இரண்டு வாக்கியத்தில் முடித்தேன். அடுத்தது, மறுபடியும் களக்காடு போர்! வாழைத்தார் கண்ணுக்குள் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, 'புலித்தேவர் களக்காட்டில் மாபூஸ்கானின் படையைத் தோற்கடித்தார். திருவிதாங்கூர் வீரர்கள் இரண்டாயிரம் பேர் அவருக்குத் துணைநின்றனர்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். கண் கலங்கிவிட்டது அத்தான்.

எல்லாம் முடிந்தும் ஏழு நிமிஷம் மிச்சம். என் ஆயுளில் நடக்காத சங்கதி. சரிபார்க்கலாமென்று புரட்டினால், பதினைந்து, பதினாறு, அடுத்தது பதினெட்டு. பதினேழு எங்கே? அதைத் தாண்டி, அந்தப் பகுதியில் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர் கூட்டிப் போட்டுவிட்டேன்! கேள்வித்தாளைப் பார்ப்போமென்றால் மேலே சுற்றிய காற்றாடி அதை எந்த பெஞ்சுக்கடியிலோ தள்ளியிருந்தது. நாலு பக்கம் எழுதியிருந்தாலாவது எந்தக் கேள்விக்கென்று திருத்துகிறவர் கண்டுபிடிப்பார். 'இதனால் அவர் பதவி விலகினார்' என்று ஒரு வரி எழுதி நம்பரையும் தப்பாகப் போட்டால், விலகியது யாரென்று யாருக்குத் தெரியும்?

பதினெட்டை அடித்துப் பதினேழாக்கினேன். பத்தொன்பதை அடித்துப் பதினெட்டாக்கினேன். அவசரத்தில் மை அப்பிவிட்டது. மூன்றாவதைத் தொடுமுன் மணி அடித்தது. கண்காணிப்பாளர் ரிபாயி சார் வந்து விடைத்தாளைப் பிடித்தார். நான் விடவில்லை.

"சார், நம்பர் மட்டும் சார்! ஆறே ஆறு நம்பர்!"

"டைம் முடிஞ்சிட்டு அண்ணாச்சி. விடுங்க, கிழிஞ்சிரும்."

"என் வாழ்க்க சார் அது!"

"கிழிஞ்சா அதுவும் போயிரும். விடுங்கங்கேன்லா."

பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். வராந்தாவில் அத்தனை பிள்ளைகள் முன்னாலும், "நீரெல்லாம் ஒரு மனுசனாவே? ஒமக்கு ஈரமே கெடையாதா?" என்று கத்தினேன். அவர் தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார். கேள்வித்தாளைக்கூடத் தேடாமல் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன்; சாரைப் பார்த்துக் கத்தியதற்காகத்தான் விஜிதா பேசவில்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் தாங்கள் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போகிறீர்கள். இரண்டு நம்பர் அடித்து, மை அப்பிய தாள் ஒன்று தங்கள் கைக்கோ பக்கத்து மேசைக்கோ வந்தால், அதற்கடுத்த ஆறு பதிலையும் ஒரு நம்பர் குறைத்துப் படிக்கும்படி... இது தப்பு என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷத்தில் யாரிடமும் இப்படி எதுவும் கேட்டதில்லை. எழுதும்போதே கை கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. போக்கிலும் வரத்திலும் கர்த்தர் தங்களுக்குத் துணையிருப்பாராக.

இப்படிக்குத் தங்கள் மைத்துனன்,
ஜஸ்டஸ்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஜெபிஷா வந்தாள். என் பின் பெஞ்சில் பரீட்சை எழுதிய மாரிசெல்வி விசைத்தறிக்கு வேலைக்குப் போகிறவள். ஜெபிஷா தறிக்கூடத்துக்கே போய் அவளிடமிருந்து கேள்வித்தாளை வாங்கிவந்திருக்கிறாள். "எப்பா, பதினேழாவது கேள்வி டாலர் ஏகாதிபத்தியம்லா. அது ஒங்களுக்கு வராதுன்னு நீங்களே விட்டிருக்கீங்க. மொதல்ல போட்ட நம்பர் அம்புட்டும் சரி" என்கிறாள். நான் திருத்திக் கெடுத்தது இரண்டு. மிச்ச ஆறையும் கெடுக்க விடாமல் பிடுங்கிக் காப்பாற்றியவர் ரிபாயி சார். ஆகையால் அத்தான், நான் கேட்டதைத் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். செய்தால் அந்த ஆறும் தப்பாகிவிடும். கேட்டதற்கும் மன்னியுங்கள். கடிதத்தை நானே கிழித்திருப்பேன், ஏழு பக்கம் எழுதியதால் மனசு வரவில்லை. தாங்கள் படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். நாளைக் காலை ரிபாயி சார் வீட்டுக்குப் போகிறேன். நடந்ததை அவருக்கு விளங்கவைக்க எப்படியும் ஒரு மணி நேரமாகும். ஜெபிஷா தானும் வருவேன் என்று நிற்கிறாள். "'தப்பு என் மேலதான், மன்னிச்சிருங்க சார்.' அம்புட்டுத்தான். அதுக்கு மேல வாயத் தொறந்தா, கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துருவேன்" என்கிறாள்.