ரசமட்டம் அக்காவும் ஆளைத் தள்ளிய சீட்டும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒரு தரைகூட மட்டமாக இல்லை என்பதைத் தன் கையாலேயே சோதித்துத் தெரிந்துகொண்ட ஒரே ஆள் எங்கள் ரசமட்டம் அக்காதான். ரசமட்டம் தெரியும் அல்லவா? கொத்தனார் சுவர் மேல் வைத்துப் பார்ப்பாரே, நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி, அதுதான். மற்றவர்கள் கைப்பையில் சீப்பு இருக்கும். அக்காவின் பையில் இது இருக்கும்.

டிராக்டர் சீட் செய்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. நான் அசெம்பிளி சூப்பர்வைசர், அவர் இன்ஸ்பெக்‌ஷன். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் எனக்கு அக்கா. அறுபதைத் தாண்டிய முதலாளிக்கும் அக்கா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

கேன்டீன் மேஜை மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்க்காமல் டிபன் பாக்ஸைத் திறக்க மாட்டார். கம்பெனி பஸ் மணிமங்கலத்தில் நின்றபோது ஒருநாள் அதை ஜன்னல் கட்டையில் வைத்து, "டிரைவரண்ணே, லெஃப்ட்டு பக்கம் இறங்கிக்கினு கீது, டயர பாரு" என்றார். டிரைவர் முனகிக்கொண்டே இறங்கிப் பார்த்தார். டயரில் ஆணி.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் குன்றத்தூர் போனவர், காபி வரும் இடைவெளியில் அவர்கள் வீட்டுச் சமையல் மேடையில் ரசமட்டத்தை வைத்துவிட்டார். "தண்ணி தொட்டிக்குப் போவாது, என் பொண்ணு கால் மேலதான் கொட்டும்" என்று தீர்ப்பு வேறு. பையன் வீட்டார் மேடையை இடித்துக் கட்டிய பிறகுதான் தட்டு மாற்றினார்கள்.

இப்படிப்பட்டவரோடு வேலை பார்ப்பது லேசு இல்லை. நான் ஓகே சொன்ன எதையும் அவர் உடனே ஓகே சொன்னதாக எனக்கு நினைவில்லை. அதனால்தான் அவர் கிருத்திகைக்கு லீவு போட்ட நாளாகப் பார்த்து அந்த மாற்றத்தைச் செய்தேன்.

அது தானாக மட்டமாகும் சீட். வரப்பில் ஏறி டிராக்டர் ஒரு பக்கம் சாய்ந்தால், சாய்ந்த பக்கத்து மோட்டார் தண்டு சீட்டைத் தூக்கி நேராக்கிவிடும். டிரைவர் தலை கூரையில் இடிக்கிறது, இரண்டு அங்குலம் இறக்குங்கள் என்றார்கள் வாங்குகிறவர்கள். நான் சீட்டைத் தாங்கும் பிராக்கெட்டை வெட்டி இறக்கினேன். சாய்வைக் கண்டுபிடிக்கும் சென்சார் பெட்டி சீட்டுக்கு அடியில் இருந்தது. இறக்கியதில் அது இடித்தது. கழற்றி, பக்கத்தில் டிராக்டர் பாடியிலேயே மாட்டிவிட்டேன். ஷெட் தரையில் ஓட்டிப் பார்த்தேன். ஜம்மென்று இருந்தது.

இரண்டு நாள் கழித்து மூன்று மணிக்கு, வாங்குகிறவர்கள் முன்னால் டிரையல். ஒன்றரைக்கு ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பின்பக்கச் சரிவில் ஏற்றினோம். ஓட்டியவர் செல்லையா, திருநெல்வேலிக்காரர். டிராக்டர் இடப்பக்கம் சாய்ந்தது. இடது தண்டு எழுந்தது. சீட் நேரானது. நான் கைதட்டப் போனேன். தண்டு நிற்கவில்லை. எழுந்துகொண்டே போய், செல்லையாவை வலப்பக்கம் சரித்தது.

"சார், என்னையத் தள்ளுதுல்லா!" என்று ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு கத்தினார்.

முதலாளி என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "இன்னிக்கு டிரையல் ஊத்திக்கிச்சுன்னா நாளைலேர்ந்து நீ வர வேணாம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போனார். அவர் கத்தினால் பயமில்லை. மெதுவாகச் சொன்னால் செய்துவிடுவார். எனக்கு நாற்பத்தாறு வயது. இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் அந்த வயதுக்காரனைப் புதிதாகச் சேர்ப்பவர் யாரும் இல்லை.

தண்டுக்குப் போகும் வயர்களை மாற்றிப் போட்டேன். இந்தத் தடவை சீட் ஆரம்பத்திலிருந்தே பள்ளத்துப் பக்கம் கவிழ்ந்தது. "முன்னதே பரவால்ல சார்" என்றார் செல்லையா, மட்கார்டில் தொங்கியபடி. மணி இரண்டேகால். வேறு வழியில்லாமல் அக்காவிடம் போனேன்.

வந்தார். திட்டவில்லை. அதுவே எனக்குக் கலக்கமாக இருந்தது. வயரைப் பழையபடி போடச் சொன்னார். ரசமட்டத்தைச் சீட்டில் வைத்தார், பிறகு டிராக்டர் பாடியில் வைத்தார். பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தப் பொட்டி முன்னாடி எங்க இருந்துச்சு சார்?"

"சீட்டுக்கு அடியில."

"இப்ப இன்னா பண்ணி வெச்சிகீறீங்க? சீட்டு மேல போவுது, பொட்டி கீழயே குந்திக்கினு கீது. சீட்டு நேரா ஆயிடுச்சுன்னு அதுக்கு யார் போய் சொல்றது? அது பாட்டுக்கு தூக்கு தூக்குன்னுதான் சொல்லும். ஷெட்டு தரைல எல்லாமே நேரா கீது, அங்க எப்படித் தெரியும்?"

இரண்டு நாளாக என் கண்ணெதிரே இருந்த விஷயம்.

அடியில் இடமில்லை. சீட்டோடு சேர்ந்தே அசையும் முதுகுச் சாய்மானத்தின் பின்பக்கம் ஒரு பட்டை இருந்தது. அங்கே துளை போட்டோம். பெட்டி மயிரிழை சாய்ந்தது. அக்கா உடைந்த ஹேக்சா பிளேடின் ஒரு துண்டை அதற்கு அடியில் செருகி, குமிழி நடுவில் வரும் வரை விடவில்லை. "போதும் அக்கா!" என்று நான் கெஞ்சினேன். "கம்முனு கெடங்க சார்" என்றார். கடைசி போல்ட்டை முறுக்கும்போது கேட்டில் கார் ஹாரன் கேட்டது. பதினைந்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

திரும்பச் சோதிக்க நேரமில்லை. அவர்கள் முன்னாலேயே செல்லையா சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சரிவில் ஏறினார். தண்டு எழுந்தது. சீட் நேரானது. நின்றது. அதற்கு மேல் எழவே இல்லை.

அவர்கள் போனதும் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பெட்டி விஷயம் செல்லையா வழியாக அவர் காதுக்குப் போயிருந்தது. "யாரு அந்தப் பொட்டிய மொதல்ல சீட்டுக்கு அடியிலேர்ந்து எடம் மாத்தினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "என்னைக் கேட்டுக்கினுதான் சார் மாத்துனாரு" என்றார்.

"நீங்க அன்னிக்கு லீவாச்சே அக்கா?"

"போன்ல கேட்டாரு. நான்தான் மாத்துங்கன்னேன். தப்பு என்து."

நான் போன் செய்யவே இல்லை. முதலாளி எங்களை மாறி மாறிப் பார்த்தார். அக்காவோடு வாதாட அவருக்கும் தெம்பில்லை. போகச் சொல்லிவிட்டார்.

சாயந்திரம் பஸ்ஸில் கேட்டேன், "எதுக்கு அக்கா பொய் சொன்னீங்க?"

"நீங்க போய்ட்டா வேற ஒர்த்தன் வருவான். அவன்கிட்ட ஃபர்ஸ்ட்லேர்ந்து சண்டை போட்டுப் பழக்கணும். என்னால ஆவாது சார்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த வருஷம் அக்கா மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்திருப்பவர் நான் கொடுப்பதையெல்லாம் மறுபேச்சில்லாமல் ஓகே போடுகிறார். எனக்கு அவரைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.