பதினைந்து மைல் வேகத்தில் என் மகள்

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணி பத்து நிமிடத்துக்குத் தந்திக்காரர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். எனக்கு எல்லாம் கோணலாகப் போக ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான். 'சுகுணா பதினஞ்சு மைலின் வேனில் புறப்பட்டுவிட்டாள். கவலை வேண்டாம்' என்று மாப்பிள்ளை அடித்திருந்தார்.

பூமி சுற்றுவதே கொஞ்சம் அவசரம்தான் என்று நினைக்கக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அவர் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் குடியிருந்த பதினஞ்சு மைல்தான். ஏழு மாதக் கர்ப்பிணியான என் ஒரே மகள், இமயமலையிலிருந்து அவருடைய வண்டியில் வருகிறாள் என்றால் நான் எப்படிக் கவலைப்படாமல் இருப்பேன்?

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் தெருவில் யாருக்கும் தெரியாது. முப்பது வருஷம் செங்கல்பட்டுத் தடத்தில் தனியார் பஸ் ஓட்டினார். மணிக்குப் பதினைந்து மைலுக்கு மேல் ஒரு நாளும் போனதில்லை. காஞ்சிபுரத்தில் மாங்காய்க் கூடையோடு ஏறியவர்கள் செங்கல்பட்டில் மாம்பழக் கூடையோடு இறங்கினார்கள் என்று சொல்வார்கள். நடுவழியில் இறங்கி வெற்றிலை வாங்கி, சாவகாசமாகப் போட்டுக்கொண்டு, நடந்தே போய் அதே பஸ்ஸில் ஏறியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

"இன்னா டிரைவரே, மாட்டு வண்டி ஓவர்டேக் பண்ணிக்கினு போவுதே!" என்று ஒருத்தர் கத்தினார்.

"அது வைக்கோல் ஏத்திக்கினு போவுதுபா. நான் ஜனங்கள ஏத்தியிருக்கேன்" என்றார் இவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவருடைய மனைவி ரைட்டம்மா இதற்கு நேர் எதிர். வாய், கை, கால் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடும். வீட்டில் கண்டக்டர் இல்லாத குறையை அந்த அம்மாள் தீர்த்து வைத்தாள். சாப்பாடு போடும்போது போதுமென்றால் "ஓல்டான்!" இன்னும் வேண்டுமென்றால் "ரைட்!" பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் அப்படியே பேசிப் பேசி அறுபதைத் தொட்டுவிட்டார்கள்.

ரிட்டயர் ஆனதும், பேக்கரி ஒன்றிலிருந்து பழைய பன் வேனை ஏலத்தில் எடுத்து வந்து தெருமுனையில் நிறுத்தினார். உள்ளே கயிற்றுக் கட்டில், ஸ்டவ், தண்ணீர் டிரம், ஒரு சின்ன அம்மி. எத்தனை கழுவியும் வேனுக்குள் பன் வாசனை போகவில்லை.

"எங்கே போகப் போறீங்க?" என்று கேட்டேன்.

"முப்பது வருஷமா ஒரே எடத்துல போயி வண்டியத் திருப்பிக்கினு இருந்தேன் டீச்சரம்மா. திருப்பாம நேராப் போனா ரோடு எங்கதான் முடியுதுன்னு பாத்துட்டு வரணும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "ரோடு முடியற இடத்துலதான் எங்க மாப்பிள்ளை ஓவர்சியரா இருக்கார். பனிமலையில ரோடு போடற வேலை" என்றேன் பெருமையாக. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

பொங்கல் முடிந்து கிளம்பினார்கள். சித்திரை பிறந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். பார்க்கிற ஆற்றில் எல்லாம் குளித்துக்கொண்டு, பார்க்கிற சந்தையில் எல்லாம் கத்திரிக்காய் விலை கேட்டுக்கொண்டு போனால் அப்படித்தான். வண்டி எங்கே நின்றாலும் விடிந்ததும் ரைட்டம்மா வேனுக்கு முன்னால் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிடுவாள். மலையடிவாரக் காட்டில் ஒருநாள் வேனை விட்டு இறங்கிப் பார்த்தால், முதல் நாள் போட்ட கோலத்தின் மேல் சிறுத்தையின் கால் தடம்.

"பாருய்யா, புள்ளிய மிதிச்சிட்டுப் போயிருக்குது!" என்று அவளுக்குக் கோபம்.

அவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஓரமாத்தான் போயிருக்குது, பாவம்" என்றாராம்.

இவர்கள் மலைக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் வந்தது. நாடு முழுக்க ரயில் நின்றுபோனது. சுகுணாவுக்கோ ஏழாம் மாதம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பிரசவம் தாய் வீட்டில்தான். எட்டாம் மாதத்தில் ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அப்போதுதான் அந்தப் புத்திசாலி என் மகளைப் பன் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தந்தி அடித்தார்.

நான் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போவதற்கு மூன்று மாதம் என்றால் வருவதற்கும் மூன்று மாதம். குழந்தை நாக்பூரில் பிறக்கும். ஆந்திராவில் குப்புற விழும்.

"ஏங்க, நாம போய்க் கூட்டிட்டு வரலாமே" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"எதுல போறது? நடந்தா?" என்று அவர் பேப்பரைத் திருப்பினார். ஆனால் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

ரயில் நின்றதால் தபாலும் நின்றது. வளையல்காரர் மட்டும் நாள் தவறாமல் வந்து, "பொண்ணு வந்துடுச்சா டீச்சரம்மா? வளைகாப்புக்குப் பச்சை வளையல் எடுத்து வச்சிருக்கேன்" என்று கேட்டுவிட்டுப் போவார். வேலைநிறுத்தம் முடிந்து முதலில் வந்த கடிதம் மாப்பிள்ளையுடையது. 'சுகுணா நல்லபடியாக வந்து சேர்ந்தாளா?' என்று அவர் என்னைக் கேட்டிருந்தார். அதைப் படித்துவிட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கும் வாசலில் சைக்கிள் மணி கேட்டால் கையிலிருக்கும் கரண்டி தானாக விழுகிறது.

நடந்ததைச் சுகுணா பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அது புரிய வேண்டுமானால் எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் வாரத்துக்கு நாலு நாளாவது யாராவது பாவு போடுவார்கள். நெய்யப் போகிற பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சரி செய்வார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்து பாவைச் சுருட்டிவிடுவார்கள். அதுவரை யாரும் குறுக்கே போகக் கூடாது. இந்த விஷயத்தில் பதினஞ்சு மைலைப் போல கண்டிப்பானவர் கிடையாது. ஒரு தடவை மாப்பிள்ளை அழைப்புக் காரையே மறித்து நிறுத்தினார். உள்ளே பட்டு வேட்டியில் மாப்பிள்ளை வேர்த்து வடிய, "பாவு எடுக்கட்டும் தம்பி. பொண்ணு எங்கயும் ஓடிடாது" என்றார்.

எங்கள் மாப்பிள்ளையின் முகாமிலிருந்து இறங்கி ஒரு நாள் தூரம் வந்திருப்பார்கள். ஒரு வளைவில் திரும்பினால், ஆடு மேய்த்துக்கொண்டு மலை ஏறுகிற ஜனங்களின் கூடாரங்கள். அந்தப் பெண்கள் கம்பளி நெய்வதற்காக, முளை அடித்துச் சிவப்பும் கறுப்புமாக நூலை ரோட்டின் மேலேயே நீட்டியிருந்தார்கள்.

"ஓல்டான்! பாவு!" என்று ரைட்டம்மா கத்தினாள். அவர் அதற்கு முன்பே பிரேக்கை மிதித்துவிட்டார்.

அங்கே வழக்கம் வேறு. வண்டிக்காரன் ஹாரன் அடித்தால் பெண்கள் எழுந்து நூலைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்குவார்கள். வண்டி போனதும் மறுபடி இழுத்துக் கட்டிக்கொள்வார்கள். ஒரு ஹாரன் அடித்திருந்தால் போதும்.

"மாமா, ஒரு தடவை ஹாரன் அடிங்களேன்" என்று சுகுணா கெஞ்சியிருக்கிறாள்.

"பாவுக்கு முன்னாடி ஹாரன் அடிக்கறதா? நல்ல பொண்ணும்மா நீ! எந்த ஊர்ல பொறந்த?"

வெயில் ஏறினால் சுருட்டிவிடுவார்கள் என்று அவர் காத்திருந்தார். வெயில் ஏறியது, இறங்கியது. யாரும் சுருட்டவில்லை. பட்டுப் பாவு மாதிரி காலையில் போட்டு எடுக்கிற சமாசாரம் இல்லை அது. கம்பளி முழுக்க நெய்து முடியும் வரை நூல் அங்கேயேதான் கிடக்கும். அந்தப் பெண்களோ, வண்டி நகராமல் நிற்பதையும் சுகுணாவின் வயிற்றையும் பார்த்தார்கள். பெண்ணுக்கு முடியவில்லை போலிருக்கிறது, இடம் கேட்கத் தயங்குகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கூடாரத்துக்குள் கூட்டிப்போய்ப் படுக்க வைத்து, வெண்ணெய் மிதக்கும் உப்பு டீயைக் கொடுத்தார்கள். இவர்கள் பாவுக்காக நின்றார்கள். அவர்கள் இவர்களுக்காக நெசவை மெதுவாக்கினார்கள். இரண்டு பக்கமும் மரியாதை. வண்டி மட்டும் நகரவில்லை.

கம்பளி நெய்து முடிந்த அன்றைக்கு ரைட்டம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "ஓல்டான்! பொண்ணுக்கு எட்டு பொறந்துடுச்சு."

"அத்தை, எட்டுல ஊர் எல்லைதானே தாண்டக் கூடாது? இங்க ஊரே இல்லையே!" என்றிருக்கிறாள் சுகுணா.

"ஊர் இல்லன்னா இன்னாடி? எல்லை இல்லாம பூடுமா?"

எட்டாம் மாதம் முழுவதும் அந்த வளைவிலேயே இருந்தார்கள். ரைட்டம்மா அந்தப் பெண்களுக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தாள். அவர் ஆட்டுக்குட்டிகளைக் கணக்கெடுத்தார். சுகுணா எழுதிய கார்டு எனக்கு வந்தபோது எட்டாம் மாதம் முடிய நாலைந்து நாள்தான் பாக்கி. 'ஒன்பது பிறந்ததும் கிளம்புவோம் அம்மா. நான் நன்றாக இருக்கிறேன்' என்று எழுதியிருந்தாள். ரயில் ஓட ஆரம்பித்துவிட்டதுதான். ஆனால் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிடும். நடுவில் எந்த ரோட்டில் போய் அந்தப் பன் வேனைத் தேடுவது? மழை வேறு தொடங்கியிருந்தது. மலைச் சரிவு என்று பேப்பரில் எது வந்தாலும் என் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தை மடித்து ஒளித்து வைத்தார்.

ஆனி மாதக் கடைசியில், ஒரு சாயங்காலம், தெருமுனையிலிருந்து "ஓல்டான்!" என்று கேட்டது. நான் ஓடினேன். கூடவே தெருவும் ஓடி வந்தது.

பின்கதவைத் திறந்துகொண்டு சுகுணா இறங்கினாள். காஞ்சிபுரத்து வெயிலில் சிவப்பும் கறுப்புமான அந்தத் தடித்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கன்னம் சிவந்து, வயிறு முன்னால் வர, என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அவளை முகம், தோள், வயிறு என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். குழந்தை உள்ளேயிருந்து ஓர் உதை விட்டது. "நல்லாக் கீறா உன் பொண்ணு. வாரத்துக்கு ஒரு சுத்துப் பெருத்துட்டா" என்றாள் ரைட்டம்மா.

அப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வாரம் சேர்த்து வைத்த வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. டிரைவர் பக்கம் போனேன். அவர் இன்னும் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கை அப்படியே இருந்தது. முகம் பாதியாக இளைத்திருந்தது.

"கொஞ்சம் இருங்க டீச்சரம்மா, எறங்கறேன். கை வுட மாட்டேங்குது" என்றார். பிறகு பின்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒவ்வொரு வளைவுலயும் எனக்கு உசுரு போயிப் போயி வந்துச்சும்மா. பொண்ணாண்ட மட்டும் சொல்லிடாதீங்க. பயமே கெடயாதுன்னு சொல்லித்தான் இட்டாந்தேன்."