இளைத்த ஷெவெலும் டுவேன் பேகலின் தோல்வியும்

ஷவானோ, விஸ்கான்சின்
சனிக்கிழமை மாலை

மதிப்பிற்குரிய ஆர்வில் மாமாவுக்கு,

உங்கள் மருமகன் கர்ட் லெம்கே வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அரிசோனா வெயிலில் நீங்களும் அத்தையும் கருவாடாகாமல் இருக்கக் கர்த்தர் துணை. மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

ஜெயித்துவிட்டேன். செப்டம்பர் தொழிலாளர் தினத்துக்குள் உங்கள் 1970-ஆம் வருட ஷெவெல் கார், டுவேன் பேகலின் வண்டியைக் கால் மைல் பந்தயத்தில் முந்தினால் வண்டி எனக்கு, இல்லாவிட்டால் டுவேனுக்கே விற்றுவிடுவேன் என்றீர்களே, வாக்கு நினைவிருக்கட்டும். "எஞ்சின் மலை மாதிரி கெடக்கு, அதுக்கு எதுக்குடா பட்டினி? எடையாவது ஒண்ணாவது!" என்றும் சொன்னீர்கள். இயந்திரப் பொறியியல் படித்தவனிடம் சொல்கிற பேச்சா அது? ஒரே எஞ்சின், குறைந்த எடை, அதிக வேகம். பள்ளிக்கூடப் பாடம், மாமா. இதற்கு மேல் எப்படி விளக்குவது?

நான் செய்ததைக் கேளுங்கள். முதலில் வண்டியைத் தானியக் கிடங்கின் எடைமேடையில் ஏற்றினேன், எனக்குப் பின்னால் சோயா லாரிகள் வரிசையாக நின்று ஹார்ன் அடித்தன, அடிக்கட்டும் என்று எண்ணைப் படித்துவிட்டுத்தான் இறங்கினேன். பிறகு பின் சீட்டைக் கழற்றினேன், ஸ்டெப்னியைக் கழற்றினேன், ஹீட்டரைக் கழற்றினேன், அப்போது இங்கே குளிர் விடாத ஏப்ரல் மாதம் என்பதை மறந்துவிட்டதால் ஒரு வாரம் கையுறையோடு ஓட்டினேன், சளி பிடித்தது, அது வேறு கதை. தரையில் சத்தம் வராமலிருக்க ஒட்டியிருந்த தாரைச் சுரண்டி எடுத்தேன். கம்பளத்தையும் பிய்த்தேன். அன்று அம்மா மருந்துக்கடைக்குப் போகணும் என்று ஏறினாள், பாதி வழியில் அவள் செருப்பு அடியில் ஓடும் புகைக்குழாயின் சூட்டில் தரையோடு ஒட்டிக்கொண்டது. "இது காரா, தோசைக்கல்லாடா?" என்று வெறுங்காலோடு இறங்கி நடந்தே போய்விட்டாள். இரும்பு பானெட்டை எடுத்துவிட்டு ஃபைபர் பானெட் மாட்டினேன், எடை பாதிகூட இல்லை, எடையில்லாத காரணத்தாலேயே நெடுஞ்சாலையில் எழும்பிப் பறந்து டுவேனின் சோயா வயலில் போய் இறங்கிற்று. வரப்பில் நின்ற அந்த ஆள் அதை ஒரு விரலால் தூக்கிக் காட்டுகிறான்: "என்னப்பா லெம்கே, உங்க மாமா வண்டி இறகு உதிர்க்குதா?"

சிரிக்கட்டும் என்று விட்டேன். பிரேக் போட்டால் உருண்டு வருமே, உங்கள் சிகரெட் சாம்பல் கிண்ணம், அதைக்கூட விடாமல் கழற்றினேன்.

அப்புறம் ஒரு சின்னத் தொல்லை. வெள்ளோட்டத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, புகை வருகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. டயர் பழசு என்று முடிவு செய்தேன். புது டயரும் சுற்றியது. தடத்தில் தூசி என்று முடிவு செய்தேன். அம்மா துடைப்பத்தோடு வந்து கேட்டாள், "பெருக்கி விடவா?" எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஆனால் இன்று! காலையில் பந்தயத் திடலில் வண்டிச் சோதனை முடிந்தது, ஓட்டுநர் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தேன். பக்கத்துத் தடத்தில் டுவேன், வாய் நிறையப் பொரித்த பாலாடைக்கட்டி. "தம்பி, எலும்புக்கூட்டுக்கு பெல்ட்டு போட்டியா?" என்றான். பச்சை விளக்கு எரிந்தது. மாமா, வண்டி வழுக்கவில்லை! தார் ரோட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு பாய்ந்தது பாருங்கள், என் முதுகு சீட்டுக்குள் புதைந்துவிட்டது. கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால் டுவேன் ஒரு காரின் நீளத்துக்குப் பின்னால். ஷவானோ மாவட்டமே எழுந்து நின்றது, அம்மா யாரென்றே தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்தாள். டுவேன் வந்து கை கொடுத்தான். பாலாடைக்கட்டி தொண்டையில் நின்றது போலிருந்தது முகம்.

ஆக, எடை முக்கியமா என்ற கேள்விக்கு இனி விவாதம் கிடையாது. மெலிந்தது வென்றது. வண்டிப் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அத்தையின் முழங்காலுக்கு என் விசாரிப்பு. ஆண்டவர் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும், தோல்வியை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மையையும் அருளட்டும்.

பணிவுள்ள (வென்ற) மருமகன்,
கர்ட்

பி.கு.: ஞாயிறு மதியம். காலையில் கவரை ஒட்டப் போகும்போது அம்மா கூப்பிட்டாள். "கர்ட்டு, டிக்கியில இருக்கறத எறக்குடா, சர்ச்சுல அடுப்பு பத்த வெச்சிருப்பாங்க." திறந்தேன். ஆறு மூட்டை மக்காச்சோளக் கதிர். நேற்று நான் ஓட்டுநர் கூட்டத்தில் இருந்தபோது, பந்தயத் திடல் வாசலில் மலிவாகக் கிடைத்தது என்று இன்றைய சோளம் வாட்டும் விருந்துக்கு வாங்கி ஆள் வைத்து ஏற்றியிருக்கிறாள். "பின் சீட்டு இருந்தா அங்க வெச்சிருப்பேன். நீதான் பிடுங்கிட்டியே!" வண்டியின் வால் தாழ்ந்திருந்ததை நான் நேற்றே கவனித்தேன், நான் மாட்டிய புது ஸ்பிரிங் நன்றாகப் படிந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். நான்கு மாதமாக இறக்கிய எடையில் பெரும்பகுதியை அவள் பத்து நிமிஷத்தில், அதுவும் பிடிமானமில்லாமல் சுற்றிய அந்தப் பின் சக்கரத்துக்கு நேர் மேலே, திரும்ப ஏற்றியிருக்கிறாள்.

சர்ச்சில் மூட்டைகளை இறக்கும்போது உருகிய வெண்ணெய்ச் சட்டியோடு நின்றது டுவேன். ஒவ்வொன்றாக எண்ணினான். "ஏம்ப்பா, இம்புட்டும் நேத்து உன் டிக்கியிலயா இருந்துச்சு?" அடுத்த சனிக்கிழமை மறுபடி ஓட வேண்டுமாம், வெறும் டிக்கியோடு. இந்த வாரத்தில் உங்களுக்குப் போன் செய்வான், முந்திக்கொண்டு நானே எழுதிவிட்டேன்.

எடை முக்கியம் என்ற என் கட்சி விழவில்லை, மாமா. அது டிக்கியில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் புதுத் தகவல். பத்திரம் சனிக்கிழமைக்கு முன் என் கைக்கு வந்தாக வேண்டும். சோளத்தை ஊரே தின்று தீர்த்துவிட்டது.