கயிறண்ணன் கட்டிய கூரை

நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலை விட்டு வெளியே வந்து நடந்துகொண்டிருந்தேன். மார்த்தாண்டம் பக்கம் ஒரு செங்கல் சூளைக்கு ஆள் தேவை என்று சொல்லியிருந்தார்கள். உள்ளே கயிறண்ணன் பக்கவாதத்தில் வலது கை விழுந்து படுத்திருந்தார். கன்னியாகுமரி மாவட்டத்தில் அவர் இறுக்கிக் கட்டாத பொருள் ஒன்றே ஒன்றுதான்: அவர் இடுப்பில் உடுத்தியிருக்கும் சாரம். அது மட்டும் எந்நேரமும் அவிழ்ந்துகொண்டே இருக்கும்.

தோவாளைக்குப் பின்னால் ஒரு மலையில் கல்லூரிக்காரர்கள் வானாராய்ச்சிக் கூடம் வைத்திருக்கிறார்கள். பெரிதாக நினைக்க வேண்டாம். நான்கு சுவர், ஒரு தொலைநோக்கி, தண்டவாளத்தில் தள்ளித் திறக்கும் தகரக் கூரை. பகலில் பள்ளிப் பிள்ளைகள் வந்து, வெள்ளைத் தாளில் விழும் சூரியனில் கரும்புள்ளி தேடுவார்கள். விடுமுறை நாட்களில் மலையேறுகிறவர்கள் வந்து கூடாரம் அடிப்பார்கள். அவர்களுடைய மூட்டைகளை நான் சுமந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். அதற்கு முன் எந்த வேலையிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நின்றதில்லை.

கயிறண்ணன் அங்கே காவலாள். கடற்கரைக்காரர். முழங்கால் கெட்டுப்போய் மீன்பிடி வள்ளத்தை விட்டவர், கரையையும் தாண்டி மலைக்கே வந்துவிட்டார். வந்த வருடம் கூரையை வள்ளம் கட்டுவதுபோலக் கட்டினார். அலை ஏறி இறங்க வள்ளத்துக்கு இடம் வேண்டும் என்பதால் கடற்கரையில் கயிற்றில் கொஞ்சம் தொய்வு விடுவார்கள். இவரும் விட்டார். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்த காற்றுக்கு அந்தத் தொய்வு போதும். மறுநாள் தோவாளையிலிருந்து ஒருவர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"வோய், உம்ம கூரை என் பிச்சிப்பூத் தோட்டத்துல கெடக்கு. வந்து எடும்."

இன்னொரு தடவை பறந்தால் கூடத்தைப் பூட்டிவிடுவோம் என்று கல்லூரியில் சொன்னார்கள். அதன் பின்னறையை விட்டால் அண்ணனுக்கு வேறு வீடு கிடையாது. அன்று முதல் அவர் கட்டத் தொடங்கினார். வாளி, துடைப்பம், தேநீர்த் தம்ளர் எல்லாம் கட்டுண்டு கிடந்தன. ஒருமுறை கல்லூரிப் பிள்ளைகள் வெளியே கழற்றிவிட்டுப் போன ஷூக்களை எல்லாம் ஒரே கொத்தாக முடிந்து வைத்துவிட்டார்.

"ஷூவை எந்தக் காத்து அண்ணே எடுக்கும்?" என்றான் அவர்களில் ஒருவன்.

"கூரையை எடுத்த காத்துக்கு ஒன் ஷூ பெருசா மக்கா?"

புதுக் கூரையின் திறப்பு விழாவில் ரிப்பன் படபடத்ததை அவரால் பொறுக்க முடியவில்லை. அதோடு நைலான் கயிற்றையும் சேர்த்து முறுக்கிக் கட்டிவிட்டார். கத்திரிக்கோல் வளைந்தது. சிறப்பு விருந்தினர் கடைசியில் குனிந்து அடியில் நுழைந்து உள்ளே போனார்.

பிறர் போட்ட முடிச்சை அவர் நம்பவே மாட்டார். நான் கட்டியதை எல்லாம் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுவார். "இது ஒரு கெட்டாலே? பூமாலைக்குப் போடுத முடிச்சு."

வேலையை விட்டுப் போகிறேன் என்று நான் சொல்லும் நாட்களில் என் பை அவருடைய அறைச் சன்னல் கம்பியோடு கட்டப்பட்டிருக்கும். கேட்டால், "காத்து எடுத்துரும்" என்பார். அந்த அறைக்குள் விசிறி வைத்தாலும் காற்று வராது.

போன வாரம் கூரையைக் கட்டும்போதே, கயிற்று நுனி கையில் இருக்க, சரிந்து விழுந்தார். கூடாரத் துணியில் கிடத்தி இறக்கினோம். நெய்யூர் அவர் பிறந்த ஆஸ்பத்திரியாம். அங்கேதான் போக வேண்டும் என்றார்.

நான் விடைபெறப் போனபோது, இடது கையால் மருந்து இறங்கும் குழாயைக் கட்டிலோடு கட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, அதைக் கெட்டாதீங்க! மருந்து எறங்காது!" என்று நர்ஸ் ஓடி வந்தாள்.

"கூரை?" என்றார் என்னிடம். பேச்சு குழறியது.

"கல்லூரியில பாத்துக்கிடுவாங்க அண்ணே."

"அவனுவ பூட்டுவானுவ. நீ எங்க போற?"

"மார்த்தாண்டம்."

"பையைக் குடு."

பையின் வாரைக் கட்டில் காலில் சுற்றினார். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. முடிச்சு விழவில்லை. வாரை மெல்ல உருவிக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு பேனர் ஒரு முனை அவிழ்ந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சும்மா நிற்பானேன் என்று இழுத்துக் கட்டினேன். சரியில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினேன். அதற்குள் மார்த்தாண்டம் பஸ் போய்விட்டது. எதிர்ப்பக்கம் போய், தோவாளைக்குத் திரும்ப நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினேன்.

மறுநாள் காலையில் கல்லூரிக்காரர் ஒருவர் பூட்டோடு மலையில் நின்றார். "ஒனக்குக் கெட்டத் தெரியுமாலே?"

"நான் கெட்டுனா அண்ணன் வாறது வரைக்கும் நிக்கும் சார்."

பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றைக் கொடுத்தார். சுவரில் காலை ஊன்றி, தொய்வு இல்லாமல் இழுத்துக் கட்டினேன். கயிறண்ணன் வந்ததும் முதல் வேலையாக இதை அவிழ்ப்பார். வந்து அவிழ்க்கட்டும்.