கண்பட்ட முட்டை மெஷின்

மொஸ்தகானம் என்ற கடலோர அரபு நகரத்தில் அந்த வசந்த காலத்தில் மனிதர்களுக்கு ஒரு நோயும் இல்லை. மெஷின்களுக்குத்தான் வந்தது. கையில் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் இரண்டு கம்பிகள் சுழன்று முட்டை அடிக்குமே, அந்தச் சின்ன மெஷின்களுக்கு! ஊர் முழுக்க அவை ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்தன. கை ஓயும் வரை அடித்தாலும் வெள்ளைக்கரு கஞ்சித் தண்ணீராகவே கிடந்தது. அடுப்பிலிருந்து எடுத்த கேக்குகள் செருப்புத் தடிமனில் இருந்தன.

காரணம் என்ன? கண் பட்டுவிட்டது! வேறென்ன இருக்க முடியும்? முட்டை பழசா, கை தவறா, வேறு ஏதாவது கலந்ததா என்றெல்லாம் கேட்க வேண்டுமானால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். யோசிப்பதற்கு நேரம் ஏது? ஹாஜி மிலூத் கடையில் வரிசை நீண்டுகொண்டே போகிறதே!

மிலூத் முன்பு பானை, தேநீர்க் கோப்பை, கேஸ் குழாய் விற்றுக்கொண்டிருந்தவர். ஈ கூட அந்தப் பக்கம் வராது. இப்போது வாசலில் பெண்கள் காய்ச்சல் கண்ட பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கி வருவதுபோல ஆளுக்கொரு மெஷினோடு நின்றார்கள். அவர் எந்த ஆண்டு ஹஜ்ஜுக்குப் போனார் என்பது அவருடைய பாஸ்போர்ட்டுக்கே தெரியாது. ஆனாலும் ஹாஜியார். பள்ளிவாசல் இமாம் வெள்ளிக்கிழமை மேடையிலேயே, "இந்த மெஷின் வைத்தியம் மார்க்கத்தில் இல்லை" என்று சொன்னார். எல்லோரும் பயபக்தியோடு கேட்டுவிட்டு, நேராக மிலூத் கடைக்குப் போனார்கள்.

மிலூத்தின் வைத்தியத்தில் முதல் மருந்து இலவசம். ஒரு சின்னக் குப்பியில் ஓதிய ஆலிவ் எண்ணெய். அதன்மேல் அவர் ஏதோ முணுமுணுப்பார். அது வேத வசனமா, விலைப்பட்டியலா என்று யாருக்கும் விளங்காது. "மெஷின் கம்பியிலயும் பாத்திரத்துலயும் ஒரு சொட்டு தடவிக்கோ தாயி, எந்தக் கண்ணும் அண்டாது" என்பார். காசு வாங்காத கை அல்லவா! அவரை நம்பாமல் யாரை நம்புவது?

யமீனாவின் மதினி ஸூலிகாவும் நம்பினாள். அதுதான் வினை.

யமீனா நகராட்சியில் பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். வயது நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை. நாள் முழுக்க மக்கள் சொல்லும் பொய்யைக் கேட்டுக் கேட்டு, எதையும் இரண்டு முறை கேட்கும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. அந்த வீட்டில் முட்டை மெஷின் வாங்கிய அன்றும் அப்படித்தான் கேட்டாள்.

"மதினி, வருஷத்துல எத்தனை தடவை கேக் சுடுவீங்க?"

"பெருநாளுக்கு ரெண்டு தடவை. யாராவது விருந்தாளி வந்தா ஒரு தடவை."

"அதுக்கு எதுக்கு அந்தப் பெரிய மெஷினு? பன்னிரண்டு வேகம் இருக்குன்னு கடைக்காரன் சொல்றான். நீங்க என்ன, விமானமா ஓட்டப் போறீங்க? இந்தச் சின்னதை எடுங்க. ரெண்டு கம்பி, நீளமான ஒயர், கழுவ சுலபம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை நிறுத்தி ஆறவிட்டா போதும்."

ஸூலிகா மலிவானதையே வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் அடித்துப் பார்த்தாள். வெள்ளைக்கரு பனிபோல எழும்பி நின்றது. யமீனா மெஷினைக் கையில் தூக்கிப் பார்த்து, "எவ்வளவு லேசா, எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள். மாஷா அல்லாஹ் சொல்லவில்லை. அந்த ஊரில் ஒரு பொருளைப் புகழ்ந்துவிட்டு அந்த வார்த்தையைச் சொல்லாமல் விடுவது, கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதற்குச் சமம். ஸூலிகா அதைக் கவனித்துவிட்டாள். மறுநாளே போய் எண்ணெய்க் குப்பி வாங்கிவந்து கம்பியிலும் பாத்திரத்திலும் நன்றாகத் தடவினாள். அதற்கடுத்த கேக் படுத்துவிட்டது.

மெஷினைத் தூக்கிக்கொண்டு மிலூத்திடம் ஓடினாள். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"வீட்டுல ஒரு பொம்பள இருக்கா. உன் மெஷினைப் புகழ்ந்திருக்கா. அவளுக்கு ஒரு குறை இருக்கு. அதான் வயிறெரியறா."

எந்த வீட்டில்தான் ஒரு பெண் இல்லை? எந்தப் பெண்ணுக்குத்தான் ஒரு குறை இல்லை? ஆனால் ஸூலிகாவுக்கு யமீனாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. வரும் வியாழக்கிழமை மகள் நர்ஜிஸைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். காப்பியோடு, முட்டை நுரையில் உயரமாக எழும்பும் முஸ்குச்சு கேக் வைத்தாக வேண்டும். அது தட்டையாக வந்தால் பெண்ணின் ராசியே தட்டை என்று பேசுவார்களே!

அன்று மாலை அவள் மாடிக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"யமீனா, தப்பா நெனைக்காதே. வியாழக்கிழமை அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் நீ மேலயே இருந்துக்கோ."

"ஏன்?"

"சும்மாதான்."

"மதினி, நர்ஜிஸை இடுப்புல தூக்கி வளத்தவ நான். ஏன்னு சொல்லுங்க."

ஸூலிகா தரையைப் பார்த்தாள். "உன் கண்ணு… நீ வேணும்னு பண்ணலடி. உனக்கே தெரியாமக்கூட படுமாம். ஹாஜியார் சொன்னாரு."

யமீனாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. கல்யாணம் ஆகாதவள் என்று ஊரார் முதுகுக்குப் பின்னால் பேசியது அவளுக்குத் தெரியும். அதை அவள் என்றைக்கோ துடைத்துப் போட்டுவிட்டாள். சொந்த வீட்டில், ஒரு முட்டை மெஷினை முன்வைத்து அதைச் சொன்னதுதான் தாங்கவில்லை. அழுது முடித்தாள். முகம் கழுவினாள். பிறகு கீழே போய் அந்த மெஷினைக் கையில் எடுத்தாள். கம்பி வழவழவென்று இருந்தது. மோந்து பார்த்தாள்.

"மதினி, இந்த எண்ணெயை எப்போலருந்து தடவுறீங்க?"

"நீ புகழ்ந்த மறுநாள்லருந்து."

"அதுக்கு முன்னாடி நுரை வந்துச்சு?"

"வந்துச்சே. கண்ணு பட்டது அப்புறம்தானே!"

யமீனா மெஷினோடு சமையலறைக்குப் போனாள். மெஷின் கம்பியைச் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவினாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சில முட்டைகளைச் செலவழித்தாள். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஒன்று, தடவாத பாத்திரத்தில் ஒன்று. அவள் சுடும் கேக் எப்போதும் கருகும் என்பதால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஸூலிகா மிலூத்தின் "காவல் மெஷினை" வாங்கக் கிளம்பினாள். அதுதான் இரண்டாவது மருந்து. அதே மலிவு மெஷின்தான், பிடியில் ஒரு நீலமணி ஒட்டியிருக்கும், விலை மட்டும் மூன்று மடங்கு. யமீனா பழைய மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு கூடவே வந்தாள்.

கடையில் கூட்டம் நெரிந்தது. மேசைமேல் இரண்டு பாத்திரங்கள். ஒன்றில் மிலூத் "பாதுகாப்புக்கு" எண்ணெய் தடவி, ஒரு பெண் கொண்டுவந்த மெஷினால் வெள்ளைக்கருவை அடித்தார். தண்ணீர்! கூட்டம் உச்சுக்கொட்டியது. மற்றொன்றை எலுமிச்சைத் தோலால் துடைத்தார். "எலுமிச்சை கண்ணை வெட்டும்!" காவல் மெஷினால் அடித்தார். பனிமலை! அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. குலவைச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

யமீனா முன்னால் வந்தாள்.

"ஹாஜியாரே, ஒரு சந்தேகம்."

"கேளு மகளே."

"கண்ணு பட்டது மெஷின்லயா, பாத்திரத்துலயா?"

"மெஷின்லதான்! பாத்திரம் என்ன பாவம் பண்ணிச்சு?" மிலூத் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பாத்திரத்துல ஒண்ணுமே இல்லையே?"

"சத்தியமா இல்ல."

"அப்போ பாத்திரத்தை மாத்தி அடிச்சா ஒண்ணும் கெட்டுப்போகாது. கண்ணுபட்ட எங்க மெஷினு எலுமிச்சைப் பாத்திரத்துல. உங்க காவல் மெஷினு எண்ணெய்ப் பாத்திரத்துல."

மிலூத்தின் தாடி ஒருமுறை அசைந்தது. "அது முறையில்ல மகளே."

வரிசையில் நின்ற கைரா என்ற பருத்த அம்மாள் பொறுமை இழந்தாள். "மாத்தித்தான் காட்டுங்களேன், ஹாஜியாரே! எனக்கு அடுப்புல சூப் கொதிக்குது!"

"ஆமாமா, மாத்துங்க!" என்று நாலாபக்கமும் குரல் வந்தது. பக்தர்கள் கேட்டால் சாமியார் மறுக்க முடியுமா?

இரண்டு பாத்திரத்தையும் கழுவினார்கள். ஒன்றில் எண்ணெய், மற்றொன்றில் எலுமிச்சை, புது முட்டைகள். ஸூலிகா தன் மெஷினைப் பிடித்தாள். மிலூத் நீலமணி மெஷினை ஓட்டினார். சிறிது நேரத்தில் ஸூலிகாவின் பாத்திரத்தில் பனி எழும்பியது. மிலூத்தின் பாத்திரத்தில் சூப் ஓடியது.

மிலூத் சளைக்கவில்லை. விரலை நீட்டினார். "பாத்தீங்களா! இவ பக்கத்துல நிக்கிறா. இவ கண்ணு என் மெஷின்லயே பட்டுருச்சு!"

ஒரு நொடி கூட்டம் பின்வாங்கியது. யமீனா நகரவில்லை. அவள் குரல் தெளிவாக வந்தது.

"சரி, பட்டுருச்சுன்னே வெச்சுக்குவோம். கண்ணு படாம இருக்கத்தானே மூணு மடங்கு விலை வாங்குறீங்க? என் ஒருத்தி கண்ணைத் தாங்காத காவலை எதுக்கு இவங்க வாங்கணும்? என் கண்ணு எங்க மெஷின்ல பட்டிருந்தா இந்த நுரை எங்கருந்து வந்துச்சு? நுரையைக் கெடுத்தது உங்க எண்ணெய்தான்."

யமீனா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள்.

"மதினி, என் தலைமேல கவுத்துங்க."

"வேணாம்டி, ஊர் பாக்குது…"

"கவுத்துங்க."

ஸூலிகா கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. அவள் கண்ணிலிருந்துதான் விழுந்தது.

"இப்போ ஹாஜியார் முறை!" என்றாள் கைரா. மிலூத் பின்பக்கமாக நழுவப் பார்த்தார். பின்னால் அவரே அடுக்கிவைத்த காவல் மெஷின் பெட்டிகள் கூரை வரை நின்றன. கைரா அவசரமே படாமல் எண்ணெய்ப் பாத்திரத்தை எடுத்து அவர் தலைப்பாகைமேல் கவிழ்த்தாள். முட்டையும் எண்ணெயும் தாடி வழியாக மார்புக்கு இறங்கின. பெண்கள் தங்கள் மெஷின் கம்பிகளை மோந்து பார்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேர் இந்த எண்ணெயை நம்பி எந்தெந்த ஓரகத்தியையும் நாத்தனாரையும் மாடிக்கு அனுப்பினார்களோ!

வாசலில் ஸூலிகா யமீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சுடுடி. எனக்கு வெக்கமா இருக்கு. வியாழக்கிழமை நீயே கேக் பண்ணு."

"நான் பண்ணினா கரியும். நீங்க பண்ணுங்க. நான் முன்னறையில, மாப்பிள்ளையோட அம்மா பக்கத்துல உக்காந்து, எல்லாருக்கும் முன்னாடி மூணு துண்டு தின்னப்போறேன்."

"நாலு தின்னு" என்றாள் ஸூலிகா.

அப்போது கைரா மூச்சு வாங்க ஓடிவந்தாள். "ஏ பொண்ணே, நில்லு! அப்போ நாங்க எந்த மெஷினைத்தான் வாங்குறது?"

"எப்பவாவது கேக் சுடறவங்களுக்கு எந்த மலிவு மெஷினும் போதும், அம்மா. ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னாடி, கழுத்துக்கு மேல ஒரு மெஷின் சும்மாவே கிடக்கு பாருங்க, அதை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அதுக்குக் கரண்டும் வேணாம், எண்ணெயும் வேணாம்."