உறுமல் பெட்டி

சுமாரான குரல் உள்ளவனுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, வாயை மூடிக்கொண்டு இருப்பது. மற்றது, அந்தக் குரலைக் கரகரவென்று உடைத்து, பெரிய கோபக்காரனின் உறுமலாக மாற்றித் தரும் பெட்டி ஒன்றை வாங்குவது. பத்தொன்பது வயதில் நான் இரண்டாவது வழியில் போனேன். (முதல் வழியில் போயிருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது.)

டிஸ்டோர்ஷன் பெடல் என்பார்கள். கிற்றார்காரர் காலால் மிதிக்கிற, சவர்க்காரக் கட்டி அளவு இரும்புப் பெட்டி. நான் அதை மைக்குக்குக் கொளுவ நினைத்தேன்.

எங்கள் ஊர் முல்லைத்தீவுக் கரையோரம். விளையாட்டுக் கழகப் பரிசளிப்பில், பின்னேரம் நாலு மணிக்கு, என் சொந்தப் பாட்டு. "எழும்பு, எழும்பு" என்று திரும்பத் திரும்ப வரும். எங்கள் சனம் பட்ட துன்பத்தைப் பற்றிய கோபப் பாட்டு. (குண்டு விழுந்து சனம் துன்பப்பட்ட நாளில் நான் அம்மாவின் இடுப்பில் இருந்தவன். கோபத்தைப் பிறகு போனில் பார்த்துத்தான் பழகினேன்.) வவுனியாவில் இசைக்குழு வைத்திருக்கும் ஒருவர், பாடகர் தேடி அன்றைக்கு வருவதாக இருந்தார். அவர் என்னை எடுக்காவிட்டால் அப்பாவின் மீன்பிடி வள்ளத்தில் ஏறவேண்டும். எனக்கோ கரையில் நின்று கடலைப் பார்த்தாலே வயிற்றைப் பிரட்டும்.

சவுண்ட் செற் போடும் யூட் அண்ணை பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, உது சின்னச் சத்தத்தையும் தூக்கிப் பெரிசாக்கும். ஸ்பீக்கர்ச் சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போச்செண்டா, சுத்திச் சுத்திக் கூவத் தொடங்கீடும். அதால திருகியைக் கால்வாசியில வை, காணும். உன்ர வெறுங்குரலையும் நான் கூடக் கலந்து விடுறன். வாயை மைக்கோட ஒட்டிப் பாடு. பாடேக்க மட்டும் மிதி, வாயை மூடினா உடன நிப்பாட்டு. மைக்கின்ர தலையைப் பொத்தாதை. என்ன வந்தாலும் ஸ்பீக்கருக்கு முன்னால போகாதை. விளங்கிச்சோ?"

"ஓம் அண்ணை" என்றேன். எனக்கு விளங்கியதெல்லாம், யூட் அண்ணைக்கு நவீன இசை விளங்காது என்பதுதான்.

அவர் சொன்னபடி வைத்துப் பாடிப் பார்த்தோம். ஒரு கீச்சுக்கூட இல்லை. உறுமலும் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் போதவில்லை. அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் திருகியைக் கடைசிவரை திருகிவிட்டேன்.

மேடையேறினேன். முன்வரிசையில் அம்மா, பெருநாளுக்குக் கட்டும் நீலச் சேலையில். பக்கத்தில் றீற்றா மாமி. இரண்டு கதிரை தள்ளி வவுனியாக்காரர். முதல் பகுதி எப்படிப் போனதென்று தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு உறுமினேன். பிறகு வீடியோக்களில் பார்த்த வெள்ளைக்காரப் பாடகர்களைப் போல, நீள வயரோடு மேடையால் குதித்து, சனத்துக்கு நடுவே போகிற எண்ணத்தில் நேரே பெரிய ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றேன். மிதிக்கவேண்டிய பெட்டி மேடையில். அதை நிப்பாட்டவேண்டிய கால் மணலில்.

அங்கே நின்று, மைக்கின் தலையை ஸ்டைலாகப் பொத்தி, "எல்லாரும் பாடுங்கோ!" என்று சனத்தின் பக்கம் நீட்டினேன். ஒருவரும் பாடவில்லை. (எப்படிப் பாடுவார்கள்? பாட்டு எனக்கு மட்டும்தானே தெரியும்.)

அந்த அமைதிக்குள்தான் அது தொடங்கியது. முதலில் மெல்லிய இரைச்சல். பிறகு தூரத்தில் கிளம்பிய ஏதோ ஒன்று கிட்டக் கிட்ட வருவதுபோல, ஊய்ய்ய்யென்று உயர்ந்து உயர்ந்து வந்தது.

"படுங்கோ!" என்று ஆரோ கத்தினார்கள்.

முன்வரிசை முழுக்க விழுந்தது. அடுத்த வரிசையும் விழுந்தது. கதிரைகள் உருண்டன. பரிசு கொடுக்க வந்த ஓய்வுபெற்ற அதிபர் கிண்ணங்கள் வைத்த மேசைக்குக் கீழே போனார். என் வயதுக்காரர் மட்டும் நின்றபடி, ஒன்றும் விளங்காமல், போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

இப்போது அந்த வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். ஒரு கணம், ஒரேயொரு கணம், என் பாட்டுக்குச் சனம் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மைக்கை இன்னும் உயர்த்திப் பிடித்தேன்.

சத்தம் நிற்கவேயில்லை. நிப்பாட்டவேண்டிய யூட் அண்ணையும் தன் சவுண்ட் மேசைக்குக் கீழேதான் கிடந்தார். கடைசியில் அவருடைய கை மட்டும் நீண்டு தடவி, பிளக்கைப் பிடுங்கியது.

அப்போதுதான் அம்மாவைக் கண்டேன். குப்புறக் கிடந்தா. ஒரு கை றீற்றா மாமியின் தலையை மணலோடு அமத்திப் பிடித்திருந்தது. மற்றக் கை இடுப்புப் பக்கத்தில் எதையோ தேடித் தடவியது. அங்கே ஒன்றும் இருக்கவில்லை. கத்தியது அம்மாதான் என்று மாமி பிறகு சொன்னா.

ஓடிப்போய்த் தூக்கினேன். முகமெல்லாம் மணல்.

"முடிஞ்சுதோ?"

"ஓம் அம்மா."

சுற்றிவரப் பார்த்தா. எல்லாரும் சேலையையும் வேட்டியையும் தட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் எழும்பினார்கள்.

"நான் படுத்திருந்து பாட்டைத்தான் கேட்டனான்" என்றா அம்மா.

வவுனியாக்காரர் முழங்காலில் ஒட்டிய மணலோடு வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தம்பி, உம்மட குரல் எப்பிடியெண்டு எனக்கு இன்னும் தெரியாது. ஆனா நாங்கள் போறது கலியாண வீடுகளுக்கு. சனம் எழும்பி ஆடோணும்."

அன்றிரவே வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. சிரிக்கிற எமோஜி முகங்களை வரிசையாகப் போட்டுப் பகிர்ந்தார்கள். அதில் என் அம்மா குப்புறக் கிடக்கிறா. அழிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அழித்தார்கள். அதற்குள் கனடாவில் இருக்கும் சித்தப்பாவே பார்த்துவிட்டார்.

அடுத்த கிழமை வள்ளத்தில் ஏறினேன். வள்ளத்தின் ஓரத்தில் குனிந்து சத்தி எடுத்து முடிந்த ஒரு நாள், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தேன். "டேய், பாடாதை" என்றார் அப்பா. "இதுக்குள்ள படுக்க இடமில்லை."

அம்மாவின் பகிடி வேறு. திருநாளோ கலியாணமோ, ஸ்பீக்கர் கட்டிய இடமென்றால், கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்று, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக என்னைக் கேட்பா: "தம்பி, இண்டைக்கு இருந்து கேக்கலாமோ, படுத்துத்தான் கேக்கோணுமோ?"

எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாதான் கூடச் சிரிப்பா. ஆனால், "இருங்கோ அம்மா, ஒண்டுமில்லை" என்று நான் சொல்லும்வரை கதிரையில் இருக்கமாட்டா.