சிங்களம் தெரிந்த அழகன்

“அந்தச் செவப்புச் சேலைய மாத்து. போறது எழவு வீடா, சினிமாவா?” என்று அழகன் மனைவியை அதட்டினார்.

“போன்ல பைலாப் பாட்டு கேட்டுச்சேங்க,” என்றாள் நாகலெட்சுமி.

“அது சாவுக்குப் பிக்குமாரு பிரித் ஓதுறது. ஒண்ணும் தெரியாம சும்மா சிரிச்சுக்கிட்டுத் திரியிறவளுக்கு எல்லாம் பாட்டுத்தான்.”

போன் பண்ணியது பொல்பிட்டியவில் இருக்கும், அவருக்குப் பழக்கமான பஸ் டிரைவர் சுனில். ‘மல கெதர’ என்று அழகன் காதில் விழுந்தது. சாவு வீடு. நோர்வூட் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சிங்களம் தெரிந்த ஆள் என்றால் அழகன்தான். பொலிசுக்குப் போனாலும் கந்தோருக்குப் போனாலும் ஜனங்கள் அவரைத்தான் முன்னால் விடும். அந்தப் பேர் போய்விட்டால் அவர் வெறும் புல்லு வெட்டுகிற ஆள். அந்தப் பயம் அவருக்கு உண்டு.

வெள்ளை வேட்டி கட்டி, பெரிய மலர்வளையம் ஒன்று வாங்கி, சரிபுதீனின் ஆட்டோவில் போனார்கள். இறங்கியதும் அழகன் சுனிலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அழுது முடித்த பிறகுதான் மணமேடை கண்ணில் பட்டது. அதில் சுனிலின் தங்கையும் மாப்பிள்ளையும் நின்றார்கள்.

சுனில் சொன்னது ‘மகுல் கெதர’. கல்யாண வீடு.

“நான் அப்பவே சொன்னேன்,” என்றாள் நாகலெட்சுமி.

“பேசாம இரு. நான் சமாளிக்கிறேன்.”

சந்தோஷம் தாங்காமல் அழுவது தங்கள் வழக்கம் என்று அழகன் சிங்களத்தில் சொன்னார். வளையம் எதற்கு என்று சுனில் கேட்டார். கல்யாண மாலை, கொஞ்சம் பெரியது என்றார் அழகன். சுனில் அதை வாங்கி மாப்பிள்ளை கழுத்தில் மாட்டிவிட்டார். அப்படியே தமிழில் ஒரு கல்யாணப் பாட்டும் பாடச் சொன்னார்.

அழகனுக்கு வாயில் வந்தது ஒப்பாரிதான்.

“பாதி வழியில என்ன விட்டுப் போனியே ராசா...”

கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. இன்னொன்று கேட்டார்கள். அதையும் பாடினார்.

அழகனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சந்தோஷம் வந்தால் அதைப் புத்தி என்று எடுத்துக்கொள்கிற ஆள் அவர்.

“பாத்தியா, விவரம் தெரிஞ்சதால சமாளிச்சேன். நீயா இருந்தா?”

“ஆமாங்க. கொக்கிஸ் நல்லா மொறுமொறுன்னு இருக்கு. சாப்புடுங்க,” என்றாள் நாகலெட்சுமி.

கிளம்பும்போது மணப்பெண் வெற்றிலை கொடுத்துக் கும்பிட்டாள். நிமிர்ந்தவள் அவர் காதருகே மெல்லச் சொன்னாள்:

“இங்க எல்லாருக்கும் தமிழ் தெரியும் மாமா. ஒங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் அண்ணன் ஒங்ககிட்ட சிங்களத்துல பேசுறாரு.”